பச்சிலையும் அம்பரும்: ஒரு வாசனையை யார் அணியலாம்?

ஒரு சென்டைப் பற்றிச் சிறுபத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். எனக்கும் அந்தத் தயக்கம் ரொம்ப நாள் இருந்தது. எழுதித்தான் ஆக வேண்டும் என்று தோன்றியது, வாடகைக்கு வீடு பார்க்கப் போன ஒரு சாயங்காலத்துக்குப் பிறகுதான்.

வீட்டுக்காரர் வயசானவர். மாடிப் போர்ஷனைத் திறந்து காட்டினார். தண்ணீர் விடும் நேரம், கரண்ட் பில், அட்வான்ஸ் எல்லாம் பேசி முடித்தாயிற்று. படி இறங்கும்போது கொஞ்சம் நின்று, 'தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க... நீங்க பாய் வீட்டுப் புள்ளையா?' என்றார். 'இல்லீங்கய்யா' என்றேன். 'இல்ல, அத்தர் வாசம் அடிச்சுது. அதான் கேட்டேன்' என்று சிரித்துக்கொண்டே சாவியை நீட்டினார்.

அன்றைக்கு என் சட்டைக் காலரில் இருந்தது பச்சோலியும் அம்பரும் கலந்த ஒரு தைலம். நான் சொன்ன 'இல்லீங்கய்யா' உண்மை. ஆனால் அந்த உண்மையைச் சொன்ன அவசரத்தை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. என் பேரைக் கேட்கும் முன்னாலேயே ஒரு வாசனை என்னைப் பற்றிச் சாட்சி சொல்லிவிட்டது. அது பொய்ச் சாட்சி என்று நிரூபித்து நான் வீட்டை வாங்கிக்கொண்டேன். சாட்சியை ஏன் விசாரிக்கிறாய் என்று நீதிபதியை நான் கேட்கவில்லை.

ஆகவே இந்தத் தைலத்தின் குணம் என்ன, இதை அணிய முடியுமா என்ற சாதாரணக் கேள்விகளிலிருந்தே தொடங்குகிறேன். 'அணிய முடியுமா' என்கிற கேள்வி மூக்கோடு முடிகிற விஷயமில்லை என்பதைப் போகப் போகப் பார்க்கலாம்.

1

திருவல்லிக்கேணிப் பக்கம் ஒரு அத்தர் கடையில் வாங்கியது அது. சுண்டு விரல் அளவு கண்ணாடிக் குப்பி. லேபிள் கிடையாது. கரும்பழுப்பு நிறம், ஆற்றிவைத்த வெல்லப்பாகு மாதிரி கொஞ்சம் கெட்டி. மூடியில் ஒட்டியிருக்கும் குச்சியால் என் மணிக்கட்டில் தொட்டுவிட்டு, 'ஒரு சொட்டுதான் தம்பி. ரெண்டாவது சொட்டு உங்களுக்கு இல்ல, ஊருக்கு' என்றார் கடைக்கார பாய்.

முதல் பத்து நிமிஷம் இது யாருக்கும் பிடிக்காது. ஈரமண், மழைக்காலத்துச் சுவர், பல வருஷமாகத் திறக்காத மரப்பெட்டி, லேசாகக் கற்பூரம். வீட்டில் என் அம்மா, 'என்னடா இது, பழைய பீரோவைத் தொறந்த மாதிரி இருக்கு' என்றார். 1850களில் வாசனைக் கலை பற்றி நூல் எழுதிய லண்டன் தைல வியாபாரி செப்டிமஸ் பியஸும் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருக்கிறார். கலப்பில்லாத பச்சோலி அப்படியொன்றும் இனிமையானதல்ல, பூசணமும் பாசியும் போன்றது, சிலருக்குப் பழைய கோட்டின் நினைப்பு வரும் என்பது அவர் கருத்து. அம்மா பியஸைப் படித்தவரில்லை.

ஒரு மணி நேரம் பொறுத்தால் மண் உலர்கிறது. காய்ந்த மரம், சர்க்கரை போடாத கோக்கோ, கொஞ்சம் புகையிலை. கற்பூரக் காட்டம் அடங்கி அதன் குளிர்ச்சி மட்டும் பின்னால் நிற்கிறது. நாலைந்து மணி நேரத்துக்குப் பிறகு அம்பர் மேலே வருகிறது. பிசினும் வெனிலாவும் சேர்ந்த, தோலின் சூட்டோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு இனிப்பு. மறுநாள் காலையில் சட்டையை எடுத்தால் இரண்டும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகியிருக்கும். துவைத்த பிறகும் காலர் மடிப்பில் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

இந்த வரிசைக்குக் காரணம் மர்மமானது ஒன்றுமில்லை. எலுமிச்சைத் தோலின் முக்கிய மணப்பொருளான லிமோனீன் பத்துக் கார்பன் அணுக்கள் கொண்ட இலேசான மூலக்கூறு. நிமிஷங்களில் பறந்துவிடும். பச்சோலி எண்ணெயின் முக்கியப் பொருளான பச்சோலால் பதினைந்து கார்பன் அணுக்கள் கொண்டது. மெதுவாகத்தான் கிளம்பும். அம்பரில் இருக்கும் பிசின்கள் அதைவிட மந்தம். மேல், நடு, அடி என்று தைலக்காரர்கள் மூன்று அடுக்குச் சொல்வது உண்டு. பச்சோலி அம்பர்த் தைலத்தில் ஏறக்குறைய எல்லாமே அடி. மற்ற சென்டுகளில் கடைசியாக எஞ்சுவது எதுவோ அதை மட்டுமே வைத்துக் கட்டியது இது. 'கனமான வாசனை' என்று சொல்கிறோமே, அது உவமை மட்டுமல்ல. ரசாயனமும் அதைத்தான் சொல்கிறது.

பச்சோலி துளசிக் குடும்பத்துச் செடி. தாவரவியலில் போகோஸ்டெமான் காப்ளின். 'காப்ளின்' என்பது பிலிப்பைன்ஸ் மக்கள் அதற்கு வைத்த பேரிலிருந்து வந்தது. இன்றைக்கு உலகத் தேவையின் மிகப் பெரும் பங்கு இந்தோனேசியாவிலிருந்து, சுமத்ரா, சுலாவேசி தீவுகளின் சிறு விவசாயிகளிடமிருந்து போகிறது. அங்கே அதன் பேர் நீலம். செடியில் இருக்கும்போது இலை அவ்வளவாக மணப்பதில்லை. வெட்டி, காயவைத்து, குவித்து லேசாகப் புழுங்கவிட்ட பிறகுதான் ஆவியில் வடிக்கிறார்கள். இலை கொஞ்சம் அழுகலின் பக்கம் போய்த் திரும்ப வேண்டும். எண்ணெயும் நாள்பட நாள்படக் காரம் குறைந்து நயம் கூடும். புத்தம்புதிதாக இருக்கும்போது மணக்காமல், வாடிப் பழசாகி மணக்கிற பொருள் இது. பூவை வைத்தே வாசனையை யோசித்துப் பழகிய நமக்கு இது முதலில் பிடிபடாமல் போவதில் ஆச்சரியமில்லை.

2

அம்பர் விஷயம் வேறு மாதிரி. தைல உலகத்தில் 'அம்பர்' என்று தனியாக ஒரு பொருளே கிடையாது.

அந்தப் பேரில் இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் உருவாகிக் கடலில் மிதந்து கரை ஒதுங்கும் அம்பர்கிரிஸ். நம் வைத்திய நூல்களில் மீனம்பர். அந்தத் திமிங்கிலம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருவதால் இந்தியாவில் அதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். நம் கடற்கரை மாவட்டங்களில் 'திமிங்கில எச்சம் கடத்திய கும்பல்' என்று அடிக்கடி செய்தி வருகிறதே, அதுதான். இன்னொன்று, கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள் கிடந்து கல்லாகிப்போன மரப்பிசின். மணி கோக்கலாம், கொளுத்தாமல் அதற்குப் பெரிதாக வாசனை கிடையாது.

சென்டுக் குப்பியில் இருக்கும் அம்பர் இந்த இரண்டும் இல்லை. மூன்று சரக்குகளின் கூட்டு. லாப்டனம், சாம்பிராணி, வெனிலின். லாப்டனம் மத்தியதரைக் கடல் பக்கத்துப் புதர் ஒன்றின் பிசின். மேயப் போகும் ஆடுகளின் தாடியில் அது ஒட்டிக்கொள்ளும். மிக நாற்றமெடுத்த இடத்திலிருந்து மிக நறுமணமான பொருள் கிடைப்பதை கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே எரோடோட்டஸ் வியந்து எழுதியிருக்கிறார். சாம்பிராணி நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெனிலின் 1874இல் ஜெர்மனியில் டீமான், ஹார்மான் என்ற இரண்டு ரசாயனவாதிகள் செயற்கையாகச் செய்த பொருள். இந்த மூன்றும் சேர்ந்தால் வரும் தங்கநிற இனிப்புக்கு ஐரோப்பியத் தைலக்காரர்கள் வைத்த பேர் அம்பர். அதாவது குறிப்பான் இருக்கிறது. அது குறிக்கும் பொருள் உலகத்தில் எங்கும் இல்லை. இருப்பது ஒரு கூட்டு மட்டும். மொழியியல் படித்த நண்பர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மண்ணும் அழுகலுமான பச்சோலியை இந்த இனிப்பு தாங்கிப் பிடிக்கிறது. தித்திப்பு மிகுந்து திகட்டும் அம்பருக்குப் பச்சோலி ஒரு கசப்பைத் தருகிறது. தனித்தனியே இரண்டும் சகிக்கக் கஷ்டமானவை. சேர்த்தால் நிற்கின்றன. இந்தக் கூட்டின் குணத்தைச் சுருக்கமாகச் சொல்வதானால் இவ்வளவுதான்.

3

இப்போது ஒரு பழைய கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியச் சீமாட்டிகளுக்குக் காஷ்மீர்ச் சால்வை பைத்தியம் பிடித்தது. ஒரு சால்வையை நெய்ய மாதக்கணக்கில், சமயத்தில் வருஷக்கணக்கில் ஆகும். விலையும் அதற்குத் தகுந்த மாதிரி. கப்பலில் வரும் சால்வைகளைப் பூச்சி அரிக்காமலிருக்க மடிப்புகளில் பச்சோலி இலையைப் போட்டுக் கட்டுவார்கள். அந்த வாசனை துணியில் ஊறிவிடும். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரிலும் பிரான்சிலும் தறிபோட்டு அதே மாதிரி சால்வைகளை நெய்யத் தொடங்கினார்கள். நம்ம ஊர் பட்டுச்சேலையின் மாங்காய் டிசைனுக்கு ஆங்கிலத்தில் 'பெய்ஸ்லி' என்று பேர் வந்தது இந்த வழியில்தான். காஷ்மீரத்து நெசவாளியின் உருவரை போலி செய்த ஊரின் பேரிலேயே நின்றுவிட்டது. ஆனாலும் வாங்குகிறவர்கள் அசல் எது போலி எது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். எப்படி? மோந்து பார்த்து. பியஸ் சொல்கிறார்: கடைசியில் பிரெஞ்சு நெசவாலைக்காரர்களுக்கு அந்த ரகசியம் தெரிந்தது. இலையை இறக்குமதி செய்து தங்கள் சால்வைகளுக்கு வாசனை ஏற்றி, இந்தியச் சரக்கு என்று விற்றார்கள். ஐரோப்பிய வாசனைக் கடைக்குள் பச்சோலி நுழைந்தது இப்படித்தான்.

இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாக வாசிக்க வேண்டும். இலையின் வாசனைக்கும் நெசவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இலை காஷ்மீரில் விளைவதுகூட இல்லை. மலேயா, கிழக்கிந்தியத் தீவுகள் பக்கத்துச் சரக்கு. வெறும் பூச்சி மருந்து. வழியில் ஒட்டிக்கொண்ட அந்த வாசனை 'இது அசல் இந்தியா' என்பதற்கான அத்தாட்சியாக மாறியது. அத்தாட்சியாக மாறிய அந்த நிமிஷமே அதைப் போலி செய்யவும் முடிந்தது. புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்று சொல்லும் சுட்டுக்குறி போல வாசனை நடிக்கிறது. உண்மையில் அது பழக்கத்தால், வியாபாரத்தால், அதிகாரத்தால் கட்டப்பட்ட குறி. மூக்கு அதை இயற்கை என்று நம்பிவிடுகிறது. கண்ணால் பார்ப்பதைச் சந்தேகிக்கக் கற்றுக்கொண்டோம். காதால் கேட்பதையும் தீர விசாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மூக்கைச் சந்தேகிக்க யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை.

படியில் நின்று என்னைக் கேட்ட பெரியவரும் ஒரு சால்வையைத்தான் மோந்து பார்த்தார்.

4

அதற்கப்புறம் ஐரோப்பாவில் இந்த வாசனைக்கு என்ன ஆயிற்று? சால்வை மோகம் 1870களில் இறங்கியது. பச்சோலி மரியாதைப்பட்ட வீடுகளிலிருந்து வெளியேறி, தாசிகளின் வாசனை என்று பேர் வாங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே அங்கே மேல்தட்டு மூக்கு எப்படி மெல்லிய பூவாசனைகளின் பக்கம் திரும்பியது, கஸ்தூரி, புனுகு மாதிரியான கனத்த வாசனைகளை எப்படி அழுக்கோடும் காமத்தோடும் சேர்த்து ஒதுக்கியது என்பதை அலென் கோர்பென் என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர் 1982இல் விரிவாக எழுதியிருக்கிறார். 1930களில் 'டபூ' என்ற பச்சோலிச் சென்டைத் தயாரித்தபோது, ஒரு வேசி போட்டுக்கொள்கிற மாதிரி செய் என்று தைலக்காரரிடம் சொன்னதாக இன்றுவரை ஒரு கதை உலாவுகிறது. கதை உண்மையோ பொய்யோ, அது நம்பப்படுகிறது என்பதே நமக்குப் போதும். 1960களில் ஹிப்பிகள் இதே எண்ணெயைப் பூசிக்கொண்டு இந்தியாவுக்கு வந்தார்கள். அவர்களுக்கு அது கலகம். அவர்களின் அப்பா அம்மாக்களுக்கு அது குளிக்காத உடம்பு. கஞ்சா வாடையை மறைக்கத்தான் என்றும் ஒரு பேச்சு உண்டு.

அம்பர் வேறு வழியில் போனது. 1925இல் கெர்லான் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஷாலிமார்' வெனிலின் வகையை அள்ளிப் போட்ட அம்பர் சென்ட். பேர் முகலாயத் தோட்டத்தினுடையது. 1977இல் 'ஓப்பியம்' வந்தது. அந்தப் பேரை எதிர்த்து அமெரிக்கச் சீனர்கள் போராடினார்கள். அபினியைத் திணித்து ஒரு தேசத்தை அழித்தவர்கள் அதையே சென்டுக் குப்பியில் அடைத்து விற்பது அவர்களுக்கு ரசிக்கவில்லை. 1993இல் செர்ஜ் லுட்டான்ஸ் வெளியிட்ட சென்டின் பேர் 'சுல்தான் அம்பர்'. தோட்டம், அபினி, சுல்தான். இந்த வகை முழுவதுக்கும் தைலத் தொழில் வைத்திருந்த பேர் 'ஓரியண்டல்', கீழைத்தேயம். எட்வர்ட் செய்த் 1978இல் எழுதியதைப் படித்தவர்களுக்கு மேலே விளக்கம் வேண்டாம். சோம்பலும் போகமும் மர்மமும் நிறைந்த ஒரு கிழக்கை ஐரோப்பா தனக்காகக் கட்டிக்கொண்டது. தாளில் கட்டியதைக் குப்பியிலும் கட்டியது.

2021இல் ஒரு வேடிக்கை நடந்தது. உலகத்துச் சென்டுகளையெல்லாம் வகைப்படுத்திக் கையேடு போடும் மைக்கேல் எட்வர்ட்ஸ், 'ஓரியண்டல்' என்ற சொல்லை எடுத்துவிட்டார். அந்த இடத்தில் வைத்த சொல் 'அம்பர்'. நல்ல நோக்கம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் இல்லாத ஒரு கிழக்கின் பேரை அழித்துவிட்டு, அந்த இடத்தில் இல்லாத ஒரு பொருளின் பேரை எழுதியிருக்கிறார்கள். குப்பிக்குள் இருப்பது மாறவில்லை.

பச்சோலிக்கு நடந்தது இதைவிட நுட்பமானது. 1992இல் தியரி முக்ளரின் 'ஏஞ்சல்' வந்தது. பச்சோலியின் தலையில் பஞ்சுமிட்டாய் வாசனையைக் கொட்டிய சென்ட். பெரிய வெற்றி. அதற்குப் பிறகு பச்சோலி எல்லாப் பெண்கள் சென்டிலும் நுழைந்தது. நுழைவதற்கு ஒரு நிபந்தனை இருந்தது: மண்ணும் பூசணமும் கற்பூரமும் கழிக்கப்பட வேண்டும். எண்ணெயை மறுபடி பிரித்து 'சுத்தப்படுத்திய' பச்சோலி வந்தது. 2014இல் ஃபிர்மெனிக் கம்பெனி சர்க்கரையை நுண்ணுயிர்களைக் கொண்டு புளிக்கவைத்து, பச்சோலி மாதிரியே இருக்கும் 'கிளியர்வுட்' என்ற சரக்கை விற்க ஆரம்பித்தது. பேரிலேயே தெளிவு இருக்கிறது. சேறு கிடையாது, சுமத்ரா கிடையாது. ஒதுக்கப்பட்ட ஒன்றை உள்ளே சேர்த்துக்கொள்ளும்போது, எதற்காக ஒதுக்கினார்களோ அதைக் கழித்துவிட்டுச் சேர்த்துக்கொள்வது நமக்கும் பழக்கமான நடைமுறைதான். ஆலயப் பிரவேசம் பேசியவர்கள் 'குளித்துவிட்டு வா' என்றும் சேர்த்துச் சொன்னார்கள் இல்லையா?

5

'பச்சோலி தமிழ்ச்சொல் தெரியுமா?' என்று என்னிடம் உற்சாகமாகச் சொன்ன நண்பர்கள் உண்டு. ஆங்கில அகராதிகள் அப்படித்தான் சொல்கின்றன. 'பச்சுளி' என்று ஒரு வடிவத்தைக் காட்டுகின்றன. பச்சை இலை, பச்சிலை என்பதிலிருந்து வந்தது என்றும் சொல்வார்கள். தமிழ் எம்.ஏ. படித்தவன் என்ற முறையில் எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த உற்சாகத்தில் ஒரு வழுக்கல் இருக்கிறது. குறிஞ்சிப்பாட்டில் வரும் பசும்பிடிக்கு நச்சினார்க்கினியர் பச்சிலைப்பூ என்று உரை எழுதுகிறார் என்பதற்காக அது இந்தச் செடி ஆகிவிடாது. பிலிப்பைன்ஸ் பக்கத்துச் செடி அது. அதே இனத்தில் நம் பக்கத்துச் செடி வேறொன்று இருக்கிறது; கதிர்ப்பச்சை என்று பேர். பேர் நம்முடையதாக இருக்கலாம், இலை வேறு யாருடையதோ. வாசனையை வைத்து அசல் இந்தியா என்று நம்பிய பாரிஸ் சீமாட்டிக்கும், பேரை வைத்து அசல் தமிழ் என்று நம்பும் நமக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நமக்கு இருக்கும் சம்பந்தம் வேறு இடத்தில் இருக்கிறது. 'நாற்றம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். திருக்குறளில் அது மொட்டுக்குள் அடங்கியிருக்கும் நறுமணம்; ஐம்புலன்களின் பட்டியலில் பொதுவாக வாசனை. இன்றைக்கு அந்தச் சொல்லை ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னால் அடிதடி. எல்லா வாசனைக்கும் பொதுவாக இருந்த சொல் சிலருடைய உடம்பின் மேல் மட்டும் ஒட்டிக்கொண்டது. மீன்கூடை தூக்குகிறவர், தோல் பதனிடுகிறவர், சாக்கடையில் இறங்குகிறவர். மனித மலத்தை மனிதர் அள்ளுவதை 1993இலும் மறுபடி 2013இலும் சட்டம் போட்டுத் தடுத்தாயிற்று. குழிக்குள் சாவுகள் நிற்கவில்லை. கீழ்வர்க்கத்தார் நாறுவார்கள் என்ற நம்பிக்கைதான் வர்க்கப் பிரிவினையின் உள்ரகசியம் என்று ஜார்ஜ் ஆர்வெல் 1937இல் எழுதினார். அவர் சாதியைப் பார்த்திருந்தால் அதை ரகசியம் என்று சொல்லியிருக்க மாட்டார்.

நறுமணத்துக்கும் நம்மிடம் விதிகள் உண்டு. சிலப்பதிகாரத்தில் பத்துத் துவர், ஐந்து விரை, முப்பத்திரண்டு ஓமாலிகை ஊறிய நீரில் கூந்தலை அலசுகிறவள் மாதவி. கணவனைப் பிரிந்த கண்ணகி மார்பில் குங்குமக் குழம்பு எழுதாமல் இருக்கிறாள். கனத்த வாசனை கணிகைக்கு, வாசனையைத் துறப்பது பத்தினிக்கு. டபூ சென்டின் கதையை ஐரோப்பாவின் வக்கிரம் என்று நாம் தள்ளிவிட முடியாது.

இன்னொன்று. சென்னையில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு 'சைவம் மட்டும்' என்ற பலகை தெரியும். கேட்டால், 'ஒண்ணுமில்லீங்க, ஸ்மெல் ஒத்துக்காது' என்பார்கள். சாதி கேட்கவில்லை, மதம் கேட்கவில்லை. மூக்கு மட்டும்தான் பேசுகிறது. அத்தர் வாசனை, ஆட்டுக்கறி வாசனை, கருவாட்டு வாசனை. வெறுப்பை நேரடியாகச் சொல்ல முடியாத இடங்களில் வாசனை அதற்குச் சால்வை போர்த்திவிடுகிறது. இவ்வளவுக்கும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வீடுகளில் போடும் சாம்பிராணியும் என் குப்பியில் இருக்கும் அம்பரில் பாதியும் ஒரே பிசின். பூஜை அறையிலிருந்து வந்தால் தெய்வீகம், சட்டைக் காலரிலிருந்து வந்தால் பாய் வீடு. பெரியவரின் வீட்டிலும் சாம்பிராணி போடுகிறார்கள். குடிபோன பிறகு மோந்திருக்கிறேன்.

6

சரி, இதை அணிய முடியுமா? இவ்வளவு பேசிவிட்டு அந்தக் கேள்வியை விட்டுவிட்டால் அது கட்டுரையாளனின் தப்பித்தல்.

முடியும், அளவு தெரிந்தால். இது குளிர்நாட்டுக் கம்பளிக்காகக் கற்பனை செய்யப்பட்ட வாசனை. நம் சித்திரை வெயிலில் தோல் சூட்டுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பிவிடும். ஈரக்காற்றில் கலையாமல் ஆளைச் சுற்றி நிற்கும். ஒரு துளி போதும், அதுவும் கழுத்தில் வேண்டாம். நெஞ்சிலோ வயிற்றிலோ தொட்டுவிட்டுச் சட்டை போட்டுக்கொண்டால் துணி அதை வடிகட்டித் தரும். வெள்ளைத் துணியில் நேரே வைத்தால் கறை போகாது. வெளியே கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டால் அந்தப் பழைய பீரோ வீட்டிலேயே தங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மார்கழிக் காலையிலும் இதைவிட உடம்புக்கு இதமான வாசனை எனக்குத் தெரிந்து இல்லை. வெளியே நனைந்த மண்ணும் உள்ளே உலர்ந்த மண்ணுமாக இருக்கும்.

முக்கியமான ஆபத்து வேறு. மூக்கு எந்த வாசனைக்கும் சில நிமிஷங்களில் பழகிவிடும். போட்டவருக்கு அடிப்பது நின்றுவிடும்; 'போயிடுச்சு போல' என்று இன்னொரு தடவை வைத்துக்கொள்வார். பக்கத்தில் இருப்பவருக்கு அது போகவே இல்லை. கடைக்கார பாய் சொன்ன இரண்டாவது சொட்டு இதுதான். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிறவருக்கு ஒற்றைத் தலைவலி இருக்கலாம், மசக்கையாக இருக்கலாம். கண்ணை மூடிக்கொள்ளலாம், மூச்சை மூட முடியாது. என் வாசனை உரிமை அவருடைய மூச்சுக்கு முன்னால் நின்றுவிட வேண்டும். 'உங்க சென்ட் எனக்குத் தலைவலிக்குதுங்க' என்று ஒருவர் சொன்னால் அதில் அரசியல் எதுவும் இல்லை. ஜன்னல் பக்கம் மாறி உட்கார்ந்தால் தீர்ந்தது. 'நீங்க யாரு?' என்று வாசனையிடம் கேட்பது அதிலிருந்து முற்றிலும் வேறான காரியம். முதலாவது என் உடம்பு அவர் உடம்பைத் தொந்தரவு செய்வதைப் பற்றியது. இரண்டாவது என்னை எந்தக் கட்டத்தில் நிறுத்துவது என்பதைப் பற்றியது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் 'ஸ்மெல் ஒத்துக்காது' என்ற வாக்கியம் இவ்வளவு வசதியாக இருக்கிறது.

அந்தப் படிக்கட்டில் நான் என்ன சொல்லியிருக்கலாம் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். 'ஆமாங்கய்யா' என்று சொல்லியிருந்தால் அது பொய். அதோடு, வீடு கிடைக்காத அனுபவத்தை ஒரு சாயங்காலத்துக்கு இரவல் வாங்கிக்கொள்ளும் நாடகம். 'ஏன் கேக்குறீங்க?' என்று கேட்டிருக்கலாம். இரண்டே வார்த்தைகள்தான். சாவி கைக்கு வந்திருக்காது என்ற பயத்தில் கேட்கவில்லை. என் நண்பர்களில் இந்தக் கேள்விக்கு 'இல்லீங்கய்யா' என்று சொல்ல முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், வீடு பார்க்கப் போகும் நாளில் அத்தர் வைத்துக்கொள்வதில்லை என்று சாதாரணமாகச் சொன்னார். வெயில் காலமா மழைக் காலமா என்பது எனக்குப் பிரச்சினை. அவருக்கு அன்றைக்கு வீடு பார்க்கப் போகிறோமா இல்லையா என்பது பிரச்சினை.

குப்பியில் இன்னும் முக்கால்வாசி இருக்கிறது. ஒரு துளி கணக்கில் சில வருஷங்கள் வரும், பழசாகப் பழசாக நன்றாகவும் ஆகும். மாதம் பிறந்தால் வாடகை கொடுக்கப் பெரியவர் வீட்டுக்கு இறங்கிப் போகிறேன். அன்றைக்குத் தவறாமல் அதை வைத்துக்கொண்டு போகிறேன். அவர் இதுவரை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இந்தத் தடவை என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும்.